லாச்சிக்குள் கிடக்கும் வெள்ளைச் சிலுவை

எஸ்பியர்க்,
டென்மார்க்.
1994 மாசி 20

அன்பின் மச்சான் அன்ரனிக்கு,

அத்தான் பாக்கியராசா எழுதிக்கொள்வது. சுகம் விசாரிப்பதை இந்தமுறை சுருக்கமாக முடிக்கிறேன், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நீரும் மாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். இரத்தினசிங்கம் அண்ணை தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தோடு மாமியின் கண்ணுக்கு விடும் மருந்தும் ஒரு கம்பளிச் சட்டையும் தந்துவிட்டிருக்கிறேன். மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்க வேண்டாம். மார்கழி மழைக்கு மாமிக்கு இளைப்பு வருமே, அதற்குத்தான்.

போன கடிதத்தில் நீர், ‘நடந்தது நடந்துபோச்சு, இனி ஆண்டவரிட்ட விடுங்கோ அத்தான்’ என்று எழுதியிருந்தீர். அதே கடிதத்தின் அடியில் மாமி சொல்லச்சொல்ல நீர் எழுதிய வரியும் இருந்தது. ‘என்ர பிள்ளையை வரவிடாமல் மறிச்சவன் ஆரெண்டு மருமகன் கண்டுபிடிச்சவரோ?’ என் செலின் கண்ணை மூடிய நாளிலிருந்து மாமியின் கேள்வி இது ஒன்றுதான். இத்தனை வருடமும் அரசாங்கம், அரசாங்கம் என்றே பதில் எழுதி வந்தேன். அரசாங்கத்தின் முகத்தில் காறித் துப்ப முடியுமா? இப்போது சரியான பதில் இருக்கிறது. அவனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. என் வீட்டுக் கதவடியில் வந்தும் நின்றுவிட்டான்.

பாதிரியார் ஹோல்கரைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். நம்முடைய சுவாமிமாரைப் போல அல்ல, இங்குள்ள லுத்தரன் சபைக்காரர், பெண்சாதியை இழந்த கிழவர். கோவில் மண்டபத்தில் எங்களுக்கு டெனிஸ் படிப்பித்தவர். செலினை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைத் தன் தட்டச்சில் அடித்து, எனக்காகப் பொறுப்பு நின்று கையெழுத்தும் வைத்தவர். மனைவியைக் கூப்பிட எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. தமிழரின் விண்ணப்பங்களை மேலிடம் சொல்லிக் கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்? மாதாமாதம் போன் எடுப்பேன். உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்பார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டால், சொல்ல இயலாது என்பார்கள். நான் டெனிஸில் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் வசனம் அதுதான் மச்சான். இங்கே அந்த வசனத்தை நான் கேட்டுக்கொண்டிருக்க, அங்கே ஊரடங்குக்குள் செலினுக்குக் காய்ச்சல் வந்தது. அவளைச் சைக்கிளில் வைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக நீர் பட்ட பாட்டை உமக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதிரியார் இளவயதில் கடற்படைக்குக் குருவாக இருந்தவர். ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த யுத்தகாலம் அது. கப்பல்கள் அவன் கையில் அகப்படக்கூடாது என்று கொப்பன்ஹேகன் துறைமுகத்தில் கடற்படையே தன் கப்பல்களைத் தண்ணீருக்குள் தாட்டபோது அவரும் ஒன்றில் நின்றிருக்கிறார். பிறகு மீன்பிடி வள்ளத்தில் ஒளித்துச் சுவீடனுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போய், கடற்கண்ணி அகற்றும் கப்பல்களில் யுத்தம் முடியும்வரை திரிந்தார். செத்த மாலுமிகளைக் கடலில் இறக்கிச் செபம் சொல்வதும், உடல் கிடைக்காதவர்களின் தாய்மாருக்குக் கடிதம் எழுதுவதும் அவர் வேலை. அதற்காகப் பழைய அரசர் கொடுத்த வெள்ளிப் பதக்கமும் இங்கிலாந்துக்காரன் கொடுத்த வெண்கல நட்சத்திரமும் இருந்தன. பிற்காலத்தில் இராணி கொடுத்தது சிவப்புக் கரையிட்ட வெள்ளைச் சிலுவை. முதல் இரண்டும் சொந்தமாம். வெள்ளைச் சிலுவை மட்டும் ஆள் கண்ணை மூடியதும் அரண்மனைக்குத் திரும்பிப் போக வேண்டுமாம். இந்த நாட்டு வழக்கம் அது.

அவருக்கு ஒரே மகன், நீல்ஸ். கொப்பன்ஹேகனில் அரசாங்க உத்தியோகம். எந்தப் பகுதி என்று அவன் சொன்னதில்லை, தகப்பனும் துருவிக் கேட்டதில்லை. போன வருடத் தொடக்கத்தில் எங்கள் விடயத்தை விசாரித்த நீதிபதியின் அறிக்கை வந்து அரசாங்கமே கவிழ்ந்ததல்லவா, அதன் பிறகு வந்த பாஸ்காத் திருநாளுக்கு அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் பேச்சு எழுந்தபோது, தானும் அந்த அலுவலகத்தில்தான் இருந்ததாகவும், கிழக்குப் பக்கத்து ஆட்களின் கோப்புகளைத் தானே மேசை லாச்சியில் போட்டுப் பூட்டியதாகவும் சொல்லியிருக்கிறான். பாக்கியராசா என்று ஒருவருடையது இருந்ததா என்று கிழவர் கேட்டாராம். ஓம், அந்தப் பெயர் கோப்பு அட்டையில் அடங்கவில்லை, அதனால் நினைவிருக்கிறது, அடியில் உங்கள் கையெழுத்தையும் கண்டேன் என்றானாம். கண்டுமா போட்டாய் என்றதற்கு, கட்டளைப்படி நடந்தேன் என்றானாம்.

இதை அவர் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னார். மகனுக்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னார். நாங்களும் கட்டளைப்படிதான் எங்கள் கப்பலைத் தாட்டோம், ஆனால் முதலில் ஆட்களை இறக்கினோம் என்றாராம். அதன் பிறகு அவர் மகனோடு கதைக்கவில்லை.

ஐப்பசியில் அவருக்கு வருத்தம் கடுமையாகிவிட்டது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் பதக்கப் பெட்டியை என் மடியில் வைத்தார். யுத்தப் பதக்கங்கள் உனக்கு, சிலுவையை இராணிக்கு நீயே அனுப்பு, அவன் கை அதில் படக்கூடாது என்றார். செத்தவீட்டில் பதக்கங்களைச் சுமப்பதும் நான்தான் என்று கோவிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். இங்கே அப்படிப்பட்டவர்களின் பதக்கங்களைக் கறுப்பு வெல்வெட் தலையணையில் குத்தி, சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் ஏந்திக்கொண்டு நடப்பார். வழக்கமாக மூத்த மகன் செய்வது.

அடக்கத்தன்று கோவில் நிறைய ஆட்கள். கிழட்டு மாலுமிகள் கொடியோடு நின்றார்கள். நீல்ஸ் முன்னால் வந்து கையை நீட்டினான். சவச்சாலைக்காரர் அவனைத் தாண்டி வந்து தலையணையை என்னிடம் தந்தார். மீன் தொழிற்சாலையில் விறைத்துப்போன இந்தக் கையால் அதை ஏந்திக்கொண்டு அத்தனை பேர் பார்க்க நடந்தேன். அவன் எனக்குப் பின்னால் வந்தான். குழியடியில் என்னிடம் வந்து கைகொடுக்க நீட்டினான். என் இரண்டு கையிலும் தலையணை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் என்று நீர் நினைப்பீர். நான் விடவில்லை. வெள்ளைச் சிலுவை இன்னும் அரண்மனைக்குப் போகவில்லை. என் அலுமாரி லாச்சியில், செலினின் கலியாணச் சேலைக்கு அடியில் கிடக்கிறது. சிலுவை எங்கே என்று கேட்டு அரண்மனையிலிருந்து மகனுக்குத்தான் கடிதம் வருகிறது, உத்தியோகக்காரனுக்கு அது பெரிய வெட்கக்கேடு. கார்த்திகையில் போன் எடுத்து மரியாதையாகக் கேட்டான். உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றேன். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு இன்னொருதரம் எடுத்தான். அதே வசனம். அதற்கடுத்த முறை அவனுக்கு விளங்கிவிட்டது. போனில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தைப் பார்சலில் வைக்க முடியுமென்றால் மாமிக்கு அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

தை கடைசியில் ரயில் ஏறி நேரே வந்துவிட்டான். மழையில் நனைந்து நின்றவனை உள்ளே கூப்பிட்டுக் கோப்பியும் கொடுத்தேன், நம் வளர்ப்பு அப்படி. சுவரில் செலினின் படத்தைக் கண்டு யார் என்று கேட்டான். அட்டையில் அடங்காத பெயர் என்றேன். அவன் அழுதான் மச்சான். தனக்குத் தெரியாது என்றான், மன்னிப்புக் கேட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் உமக்குச் சந்தோசமாயிருக்கும், ஆனால் பொய். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டான். சொல்ல இயலாது என்றேன். கோப்பியைக் குடிக்காமல் போனான்.

கட்டளை போட்ட மந்திரிக்கு வழக்கு நடக்கிறது. லாச்சியைப் பூட்டியவனை ஒருவரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட நான் ஒருவன்தான் இருக்கிறேன். பாதிரியார் சொன்ன வேலையை முடிக்காமல் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் துரோகம் என்பதும் எனக்குத் தெரியும். மேலே போய்ச் சந்திக்கும்போது அவருடைய பேச்சை வாங்கிக்கொள்கிறேன்.

இதை மாமிக்கு முழுதாக வாசித்துக் காட்டும். ஒரு வரியும் விட வேண்டாம். செலின் என் பெண்சாதிதான், ஆனால் பெற்ற வயிறு மாமியுடையது. ‘குடுக்கச் சொல்லு’ என்று அவ ஒரு சொல் சொன்னால் அடுத்த நாளே சிலுவையைத் தபாலில் போடுகிறேன், மாதா மேல் சத்தியம். அந்தச் சொல் அவவின் வாயால் வர வேண்டும். இரக்கப்பட்டு நீராக எழுதிவிடக்கூடாது.

மாமியின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆண்டவர் சுகம் கொடுக்கட்டும். உம்முடைய பிள்ளைகள் காய்ச்சல் தலையிடி இல்லாமல் வளரட்டும். மாமி ஆறுதலாக யோசிக்கட்டும் மச்சான். பதில் எழுத ஓர் அவசரமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளையின் புருசன்,
ச. பாக்கியராசா