மாமா வீடு என்று நீ குறித்த இடம்

தாமே கிராமம்,
சைத்ர மாதம் 24, காலை.

என் அக்காள் மகன், நானூறு பேரைக் கட்டி ஆளும் கம்பெனித் தலைவன், நாலு கண்டத்து மலைகளை மிதித்தவன் ரின்ஜிக்குத் தாய்மாமன் கல்தென் எழுதுவது.

நீயும் உன் ஆட்களும் முகாமில் தலைவலி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் பனிச்சிங்கம் போல இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் சிங்கத்தில் சேராது. உன் அம்மா யாங்ஜியும் சுகம். உருளைக்கிழங்கு விதைத்தாகிவிட்டது. என் பாத்தி ஒழுங்காக இல்லை என்று அவள் எல்லாவற்றையும் தோண்டி மறுபடி விதைத்தாள்.

இதை உன் சமையல்காரர் தாவா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளை சாயங்காலம் உன்னிடம் வந்துவிடும். பூஜை நாளை மறுநாள். லாமா பார்லி மாவைத் தூவி முடிக்கும்வரை நீங்கள் யாரும் மலையில் கால் வைக்க மாட்டீர்கள், அந்த ஒன்றினால்தான் எனக்கு மூச்சு ஓடுகிறது. அதற்குள் முழுக்கப் படித்துவிடு. பாதியில் சிரித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடாதே.

நேற்று தாவா என் பனிக்கோடரியைக் கேட்டு வந்தார். பூஜை மேடையில் மாமாவின் கோடரியை வைக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். எனக்குப் பெருமை தலைக்கேறி, அவருக்கு மூன்று கிண்ணம் சாங் கள் ஊற்றிக் கொடுத்தேன். உன் கம்பெனி அமெரிக்காவின் எல்லா ஆஸ்பத்திரிகளையும் ஓட்டுகிறது, நாற்பது மாடிக் கட்டடம் என்று சொன்னேன். நீ என்னிடம் நாலு மாடி என்றுதான் சொல்லியிருந்தாய், அது போகட்டும்.

பிறகு அவர் தன் போனில் நீங்கள் ஏறப்போகும் வழியைக் காட்டினார். தாக்மார் மலையின் மேற்கு முதுகு. சிவப்புக் கோடு ஒன்று, அதில் மூன்று முகாம். மூன்றாவது முகாமுக்கு "மாமா வீடு" என்று பெயர் போட்டிருக்கிறாய். பக்கத்தில் ஆறு ஆள் படம். கிண்ணம் என் கையிலிருந்து நழுவியது. உன் அம்மா, "ஏன்டா, உன் பேர்ல ஒரு வீடு மலைமேல இருக்குன்னதும் கை நடுங்குதா? வரி கட்டச் சொல்லிடுவாங்கன்னு பயமா?" என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன்.

உடனே விடுதிக்கு ஓடிப்போய் உனக்குப் போன் போட்டேன். நீ என்னை ஸ்பீக்கரில் போட்டாய். "மாமா, நீங்க படுத்த இடத்துலதான் நாங்களும் படுக்கப் போறோம்!" என்றாய். பின்னால் உன் ஆட்கள் கைதட்டினார்கள். சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் என்ன செய்தது தெரியுமா? "அங்கே காத்துகூட மெதுவாத்தான் வீசும், தைரியமாப் போங்க" என்று இன்னும் ஒன்றைச் சேர்த்தது. நாலு பேர் கைதட்டினால் இந்த வாய் என் பேச்சைக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு படித்த கை இது, மெதுவாகத்தான் போகும். பொய் சொல்ல வேகம் வேண்டும்.

ரின்ஜி, நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை.

நான் தாக்மாரில் அடிவார முகாமுக்கு மேலே ஒரு அடி ஏறியதில்லை. நான் அடுப்பு ஊதியவன். அந்தக் கோடரியின் மூக்கு தேய்ந்திருக்கிறதே, தேநீருக்குத் தண்ணீர் வேண்டிப் பனிக்கட்டி உடைத்துத் தேய்ந்தது. தொட்டுப் பார்த்து நீ கண்ணை மூடிக்கொள்வாயே, எட்டு வயதில், அப்போதே சொல்லியிருக்கலாம்.

போனவன் வேறொருவன். முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு இத்தாலிக்காரர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தார். அவரும் என் கூட்டாளியும் மேலே, நான் கீழே ரேடியோவோடு. அந்தக் கூட்டாளியின் பெயரை இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. செத்தவன் பெயரைச் சொன்னால் அவன் போகிற பாதையில் திரும்பிப் பார்ப்பான், உனக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெயர் இல்லாமல் சொன்னால் இதையும் என் கதைகளில் ஒன்று என்று நினைப்பாய். அவன் துந்துப். ஆற்றங்கரைத் துந்துப். போய்ச் சேர்ந்தவன் என்னை மன்னிக்கட்டும்.

அன்று சாயங்காலம் துந்துப் ரேடியோவில் பேசினான்: "கல்தென், ஒரு இடம் கிடைச்சிருக்கு. கொஞ்சம் மறைவா இருக்கு. ரெண்டு பேர் ஒட்டி உட்காரலாம். சூடா டீ இருந்தா கயித்துல கட்டி அனுப்புடா." டீ கேட்டது அவன் வேடிக்கை. அவ்வளவுதான் அவன் சொன்னது. பாறைக் கூரை என்று சொன்னது நான். ஒரு கல்யாணத்தில் கூரையைப் போட்டேன், இன்னொரு கல்யாணத்தில் தரையைச் சமமாக்கினேன். இரண்டு பேர் நாலு பேரானார்கள். நீ கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தபோது ஆறு பேராக்கினேன். இப்போது நீ ஆறு பேரைக் கூட்டிப் போகிறாய்.

மறுநாள் காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம். இடி இல்லை, கனமான கதவைச் சாத்துவது மாதிரி ஒரே ஒரு சத்தம். ரேடியோவில் கூப்பிட்டேன். மத்தியானம்வரை கூப்பிட்டேன். மேகம் விலகியதும் இத்தாலிக்காரரின் தூரக்கண்ணாடியில் பார்த்தேன். அவர்கள் இருந்த இடம் இல்லை. இடமே இல்லை, ரின்ஜி. வெறும் நீலப் பனிச்சுவர். அது பாறை இல்லை, பாறையில் ஒட்டித் தொங்கிய பனி. உடைந்த இடத்தில் காற்று மறுபடி பனியைக் கட்டியிருக்கிறது. தாவா காட்டிய படத்தில் அதன் அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது, கூரையின் நிழல் என்று நீ எழுதியிருக்கிறாயாம். அது உடைவதற்கு முதல் நாள் சாயங்காலம் நானும் கீழேயிருந்து அதே கோட்டைப் பார்த்தேன். வெடிப்பு அது.

செக்போஸ்ட்டுக்குப் பயந்து, பனியாற்றைக் கடக்கும்போது விழுந்தார்கள் என்று ஊரில் சொன்னேன். அனுமதி இல்லாத பயணம், எங்கும் எழுத்தில் இல்லை. அவன் மனைவி நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் டார்ஜிலிங் போய்விட்டாள். அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் ஒருத்தன், "நீ என்னத்தக் கிழிச்சே, அடுப்புதானே ஊதுனே?" என்றான். எழுந்து நின்று துந்துப்பின் சாயங்காலத்தை என்னுடையதாகச் சொன்னேன். காலையைச் சொல்லவில்லை. மறுத்துப் பேச வேண்டியவனின் பெயரை யாரும் எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்.

உன் ஆபீஸில் ஒரு விதி வைத்திருப்பதாகச் சொன்னாயே, எந்தச் செய்தியையும் மூன்று இடத்தில் கேட்காமல் நம்புவதில்லை, ஆஸ்பத்திரி வேலை, தப்பினால் உயிர் போகும் என்று. இதையும் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்டாய், உன் அம்மாவிடம் கேட்டாய், விடுதிக்காரனிடம் கேட்டாய். மூன்றும் ஒத்துப்போனது என்று சந்தோஷப்பட்டாயாம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அவர்கள் இரண்டு பேருக்கும் சொன்னவன் நான்தான். நீ கேட்டது மூன்று வாய் இல்லை, ஒரே வாய். இந்த வாய்.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. விறகு அடுக்கிக்கொண்டே, "பையன் இந்தத் தடவையும் ஒழுங்கா வந்துடுவான், உன் வீட்டுலதானே தங்கப் போறான்" என்று சொல்லிவிட்டு இப்போதுதான் உள்ளே போனாள். காலையில் சுட்ட கிழங்கு தட்டில் அப்படியே இருக்கிறது. தாவா வாசலில் செருப்பு வாரை இறுக்குகிறார்.

மலைக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிறவன் இல்லை நீ. அந்த முதுகு வேண்டாம். அந்த இடம் வேண்டாம். ஒரு ராத்திரி வேண்டாம், ஒரு மணி நேரம்கூட வேண்டாம். கோடரியை அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அதை மேடையில் வைத்தால் லாமா மந்திரம் சொல்லும்போது எனக்கு இங்கே நெஞ்சு நின்றுவிடும்.

இது என் மற்ற கதைகள் மாதிரிதான் என்று உனக்குத் தோன்றினால், இதுவரை எந்தக் கதையிலாவது நான் அடுப்பு ஊதினேனா என்று யோசித்துப் பார்.

உன் ஆட்களை உட்காரவைத்து இதைச் சத்தமாகப் படி. சிரிக்கட்டும். பிறகு கீழே இறங்கி வா. உன் அம்மா முன்னால், இந்த ஊர் முன்னால் என்னை நிற்கவைத்து, "இவன் பொய்யன்" என்று உன் வாயால் சொல். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அதைச் சொல்ல நீ வரவேண்டும், ரின்ஜி. வேறு யார் வந்து சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

உன் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லாக இருக்கட்டும்.

முகாமுக்கு மேலே ஏறாத உன் மாமன்,
கல்தென்