பதினோராம் மிதவை வீடு திரும்பியது

மார்ச் 4, செவ்வாய்

ஒருவழியாக வரைபடம் ஓடுகிறது. நீலத்தின் மேல் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அது வந்த வழி வாலாக நீள்கிறது. இத்தனை வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் பாலிசி எண்களை மேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது வேறு உலகம். பாலிசி எண் போட்ட இடத்தில் கிடக்கும். இது நகர்கிறது!

எனக்கே மறந்துபோகும் முன் எழுதிவைக்கிறேன். மீன்கள் முட்டையிடுவது வளைகுடாவுக்கு வெளியே, ஆழத்தில். குஞ்சுகளுக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் போகிற பக்கம் போகும். அது எந்தப் பக்கம் என்பதுதான் கடல் ஆராய்ச்சி செய்யும் எங்கள் மேடத்தின் கேள்வி. அதற்காகத்தான் அங்கே மிதவைகளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். பூசணிக்காய் அளவில் ஒரு உருண்டை, அதன் அடியில் தண்ணீரோடு இழுபட ஒரு நீளத் துணி. எங்கள் ஆட்கள் அந்தத் துணிக்கு வைத்திருக்கும் பெயர் பாவாடை. உருண்டை தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அது எங்கள் சர்வருக்குச் சொல்லும். கரை ஒதுங்கிய பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் நிலத்தில் விழுகிற புள்ளிகளைத் தூக்கிப் போட ஒரு வடிகட்டி எழுதியிருக்கிறேன். கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும் புள்ளிகளையும் அது தள்ளிவிடும்.

குஞ்சுகள் வளைகுடாவுக்குள் திரும்பி வருகின்றன என்று காட்டிவிட்டால், முட்டையிடும் மாதங்களில் இழுவலைப் படகுகளை உள்ளே விடமாட்டார்கள். காட்டாவிட்டால் வழக்கம்போல அடிமண்ணோடு வழித்துக்கொண்டு போவார்கள். மேடம் எத்தனை வருஷமாக இதற்கு அலைகிறார் என்று கேட்டேன். "எண்ணாதேம்மா, என் வயசு வெளிய தெரிஞ்சிடும்" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியாரிடம் டேப்லெட்டில் வரைபடத்தைக் காட்டியது தப்பாகப் போயிற்று. சீரியலைக் கைகழுவிவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏழாம் நம்பர் நேத்திலேருந்து ஒரே இடத்தைச் சுத்துதே, கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"அங்க சுழல் இருக்கு அத்தை."

"அங்க மட்டும் ஏன் சுழலுது?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. மேடத்துக்கு மெசேஜ் போட்டேன். கடலடியில் ஒரு மலைத்தொடர் இருக்கிறதாம், தண்ணீர் அதில் முட்டி வளைகிறதாம். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "எங்கம்மாவையும் உன் ஆபீஸ்ல சேத்துவிட்டுட்டியா?" என்று கேட்டார். சேர்க்கலாம். நான் கேட்காத கேள்வியையெல்லாம் கேட்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

பதினொன்று திரும்புகிறது!

மற்றதெல்லாம் வெளியே வெளியே போய்க்கொண்டிருக்க, அல்லது வடிகட்டியில் விழுந்து காணாமல் போக, இது மட்டும் வளைந்து உள்நோக்கி வருகிறது. மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில். மாமியார் அதற்கு வீட்டுப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்.

மார்ச் 17, திங்கள்

வீட்டுப்பிள்ளை வளைகுடாவுக்குள் நுழைந்தது. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு." காட்டினேன். "இன்னொரு தடவை." அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு பூசணிக்காய்க்காக!

ஏப்ரல் 3-ம் தேதி துறைமுக அலுவலகத்தில் கூட்டம். படகுச் சங்கத்துக்காரர்கள், அதிகாரிகள் எல்லாரும் வருவார்கள். பதினொன்றை வைத்துத்தான் பேசப்போகிறார்.

மார்ச் 28, வெள்ளி

நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

வேலை முடிந்துவிட்டது. கூட்டத்துக்கு வரைபடம் தயார். சும்மா, ஆசைக்கு, புள்ளியைத் தொட்டால் ஒரு குட்டிக் கிராஃப் திறக்கிற மாதிரி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மிதவையின் அடிவயிற்றில் வெப்பமானி ஒன்று இருக்கிறது. அது அனுப்புவதை யாரும் பார்ப்பதில்லை, சர்வரில் பேசாமல் சேர்ந்துகொண்டிருந்தது. பாவம், அதற்கும் ஒரு ஜன்னல் வைப்போமே என்று நினைத்தேன்.

எல்லா மிதவைக்கும் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. கடல் பகலிலும் இரவிலும் பெரிதாக மாறாது. பதினொன்றைத் தொட்டேன். முதலில் அதுவும் படுத்துக் கிடக்கிறது. திரும்ப ஆரம்பித்த நாளிலிருந்து? மத்தியானம் எகிறுகிறது, ராத்திரி தொபுக்கென்று விழுகிறது. மறுநாளும் அப்படியே. வளைகுடாவுக்குள் வந்ததும் மறுபடி படுத்துவிட்டது.

கடல் மத்தியானத்தில் இப்படிக் கொதிக்குமா? கொதிக்காது. வெயிலில் கிடக்கும் மரப்பலகை கொதிக்கும். படகின் தளம் கொதிக்கும்.

ஐயோ.

இழுவலை இழுக்கிற படகு மெதுவாகத்தான் போகும், நீரோட்டம் போகிற வேகத்தில். என் வடிகட்டி வேகமாகப் போவதை மட்டும்தான் சந்தேகப்படும்.

மார்ச் 29, சனி

சொல்லவில்லை. காபி இரண்டு முறை ஆறிப்போனது. மாமியார், "வீட்டுப்பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டார், நல்லா இருக்கான் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடம் கிராஃபைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார், நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்புறம்தான் கோபம் வந்தது. "இதை யாரு உன்னைப் பாக்கச் சொன்னா? மூணு நாள்ல கூட்டம். இப்போதைக்கு அந்த கிராஃபை எடுத்துடு."

"மேடம், அது படகுல வந்திருக்கு..."

"எடுத்துடுன்னேன்."

எடுத்துவிட்டேன். எனக்கு என்ன வந்தது, நான் வெறும் கம்ப்யூட்டர்காரிதானே? இல்லை, எனக்கு வந்ததுதான். அந்த ஆரஞ்சு வாலை வரைந்தது நான். படகு போன வழியை நீரோட்டம் என்று நாலு பேர் முன்னால் எப்படிக் காட்டுவது? நாளைக்கு நான் எதைக் காட்டினாலும் யார் நம்புவார்கள்? வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "எம்மேல எதுக்கும்மா பாயுறே?" என்று கேட்டுவிட்டு மிச்சப் பாத்திரத்தையும் கழுவினார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் நான் பையைக் கீழே வைப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். தூங்கியிருக்கவே மாட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்த கிராஃபைத் திரும்பப் போடு. நேத்து பேசினது நானே இல்ல."

பிறகு என் எதிரிலேயே படகுச் சங்கத் தலைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உங்கள் படகு ஏதாவது எங்கள் மிதவையை எடுத்ததா?

அந்தப் பக்கம் சிரிப்பு. "எடுத்தாங்களே! வலையில வந்துச்சாம். வழியெல்லாம் வலை போட்டுக்கிட்டே வந்தாங்க, அது தளத்துல கிடந்திருக்கு. நம்ம வளைகுடாக்குள்ள வந்ததும் பத்திரமா இறக்கிவிட்டாங்க. உங்க ஸ்டிக்கர்லதான் போட்டிருக்கே, கண்டெடுத்தால் திரும்பக் கடலில் விடவும்னு. ஏன், பாவாடை ஏதும் கிழிஞ்சிடுச்சா?"

மேடம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கே எடுத்தார்களோ அங்கேயே விட வேண்டும் என்று ஸ்டிக்கரில் போட எங்களில் ஒருத்தர் மண்டைக்கும் தோன்றவில்லை. சொன்னதை அவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. மேடத்துக்கும் வந்தது, ஆனால் பாதியில் நின்றுபோனது.

மாமியாரிடமும் உண்மையைச் சொன்னேன். "அப்போ வீட்டுப்பிள்ளை லிஃப்ட் கேட்டு வந்திருக்கான்!" ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம், "அந்த அம்மா பாவம்டி" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

கூட்டம். மேடம் எழுந்து எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: என் முக்கியமான ஆதாரம் தப்பு, அந்த மிதவை படகில் வந்தது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சங்கத் தலைவர் கைதட்டக்கூட இல்லை. வெற்றி இப்படித் தட்டில் வைத்து வருமென்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போல.

முடிவு: வளைகுடா இழுவலைப் படகுகளுக்குத் திறந்தே இருக்கும். அங்கே இழுவலை சீசன் தொடங்குவதற்குள் வேறு ஆதாரம் கிடைத்தால் வரலாமாம். எங்கிருந்து கிடைக்கும்? மிச்ச மிதவைகள் வெளிக்கடலில், இல்லையென்றால் குப்பைத்தொட்டியில்.

வெளியே வந்ததும் தலைவர் மேடத்திடம், "நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார். மேடம், "எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ தேடப் போனார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேடம் இரண்டு நாளாக லீவு. அவர் மேஜைமேல் தூசி.

ஏப்ரல் 11, வெள்ளி

குப்பைத்தொட்டி என்று நானே எழுதியது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. வடிகட்டி தள்ளியவை எல்லாம் அழிவதில்லை, ஒரு ஓரமாகச் சேர்ந்து கிடக்கும். நிலத்தில் ஒதுங்கியவை என்று நான் முத்திரை குத்திய மிதவைகள். சரி, வெப்பநிலை பொய்யைக் காட்டிக்கொடுத்ததே, இவை என்ன சொல்கின்றன பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

பெரும்பாலானவை மணலில்தான் கிடக்கின்றன. மத்தியானம் எகிறல், ராத்திரி விழுதல், சந்தேகமில்லை. ஆனால் மூன்று மட்டும் வேறு மாதிரி. லேசாக ஏறுகிறது, லேசாக இறங்குகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிர்கிறது.

இரண்டு முறை! மணலுக்கு ஒரு ராத்திரிதானே உண்டு. எது நாளைக்கு இரண்டு முறை வந்து குளிர வைக்கும்?

அலையேற்றம், கடல் நாளைக்கு இரண்டு முறை பொங்கி ஏறுவது. நிலத்துக்குள் அலையேற்றம் எப்படி வரும்?

கரையோரக் கோட்டை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தேடினேன். இலவசமாகக் கிடைத்தது, முழுச் சமுத்திரத்தையும் ஒரே திரையில் காட்டுவதற்காக யாரோ வரைந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன வளைவு நெளிவு எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் இழுத்து மூடி நேராக்கியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தைக் கீழே போட்டு மேலே மூன்று புள்ளிகளையும் வைத்தேன். வளைகுடாவின் உள்மூலையில், சேறும் புல்லுமாக ஒரு ஓடை நிலத்துக்குள் நுழைகிறது. மூன்றும் அதற்குள் இருக்கின்றன. படகில் வந்தவையா என்றும் பார்த்தேன். இல்லை. வந்த வழி முழுக்கக் கோடு படுத்தே இருக்கிறது.

வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. நான்தான் வாசலிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடம் போனை எடுக்கவில்லை. படத்தை அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"இது உறுதியா?"

"கோடு உறுதி மேடம். ஓடைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதும்மா." குரலில் பழைய மேடம் எட்டிப் பார்த்தார். "போய்ப் பாத்துட வேண்டியதுதான்."

ஏப்ரல் 16, புதன்

ஓடைக்குள் எங்கள் ஆராய்ச்சிப் படகு போகாது, அடி தட்டும். சின்னப் படகு தருவது யார் தெரியுமா? சங்கத் தலைவரேதான். "நானும் வர்றேன். இந்தத் தடவை என் கண்ணால பாக்கணும்" என்றாராம்.

ஏப்ரல் 17, வியாழன்

மேடத்தின் போன். பின்னால் ஒரே தண்ணீர்ச் சத்தம்.

"ஏம்மா, உன் மேப்பைத் திற. நான் நிக்கிற இடத்தை அனுப்பியிருக்கேன், போட்டுப் பாரு."

போட்டேன். பழுப்பு நிறத்தின் நடுவில் விழுந்தது.

"நிலத்துல நிக்கிறீங்க மேடம்."

"இடுப்பளவு நிலம்மா இது!" கத்துகிறார். "காலெல்லாம் குறுகுறுங்குது. குஞ்சும்மா, அத்தனையும் குஞ்சு! நகத்தளவுகூட இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு. புல்லை விலக்கினா புகை மாதிரி கிளம்புது. உன் மிதவை மூணும் இங்கதான், புல்லுல சிக்கிக் கிடக்கு."

பின்னால் தலைவரின் குரல் கேட்டது. "இவ்வளவா? இவ்வளவா இங்க இருந்துச்சு?"

போனை வைத்த பிறகு நான் மேஜையில் தலை கவிழ்த்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து, சர்வர் போய்விட்டதா என்று கேட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கரையோரக் கோட்டை அழித்துவிட்டுக் கையால் வரைகிறேன், ஓடை ஓடையாக. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க ஒரு வளைவை விட்டுட்டே பாரு" என்கிறார். இந்த ஓடைக்கே இத்தனை குஞ்சு என்றால் மற்ற ஓடைகளில் என்ன இருக்கிறது? அந்த மிதவைகள் மூன்றும் ஒரே ஓடைக்கு ஏன் வந்தன? யாருக்கும் தெரியாது. எனக்குக் கை பரபரக்கிறது.

மே 2, வெள்ளி

சங்கத் தலைவர் நேராக எனக்கே போன் செய்தார். மேடத்திடம் எண் வாங்கினாராம். வரைபடத்தைப் படகுக்காரர்கள் போனிலும் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

"அப்போ வளைகுடா வாயில ஒரு சிவப்புக் கோடு போட்டுக் குடும்மா. நல்லாத் தடிமனாப் போடு. எங்க பசங்க தெரியாம உள்ள போயிடக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன்.