கீழ்க்கணக்கின் எல்லைக் கோப்பு

இன்று காலை நம் நிரலில் சிறு மாற்றம் செய்தபோது திரையில் அந்தச் சிவப்பு வரி மறுபடி வந்தது: அப்படி ஒரு கோப்பு இல்லை. நானே ஒரு பெயரைப் பிழையாக எழுதியிருந்தேன். உடனே திருத்திவிட்டேன். ஆனாலும் அதற்குமேல் வேலையைத் தொடரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு நாம் இருவரும் செய்த உருப்படியான வேலை அந்த நிரல்தான். கலஹாவுக்கு மேலே, உங்கள் தேயிலைத் தோட்டத்தின் பிரிவுகளான மேற்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் ஒவ்வொருவர் மழைமானியைப் பார்த்து அளவை அனுப்புவார். மண் தாங்கக்கூடிய எல்லையை மழை தாண்டினால், லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களின் போன்களுக்கு எச்சரிக்கை போகும். எல்லையைக் கணித்தது நான். நிரலை எழுதியது நீ. "நீ கணக்கு வாத்தியார், நான் டைப்பிஸ்ட்" என்று சிரிப்பாய். ஆனால் உன் தங்கை ரீட்டா கீழ்க்கணக்கு லயத்தில்தான் இருந்தாள். உனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது உன் கணினி பழுதாயிற்று. கோயில் பாதர் தந்த பழைய மடிக்கணினியில் ஓடியது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். நீ பென் டிரைவில் வைத்திருந்த பொதியை அதில் விரித்து, நிரலைப் புதிதாக பில்ட் செய்து ஓடவைக்கவேண்டியிருந்தது. அதுவரை எச்சரிக்கை எதுவும் போகாது. பில்ட் பாதியில் நின்றது. கீழ்க்கணக்கின் எல்லைக் கோப்பு இல்லையாம். பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயர் கண்ணெதிரே கிடந்தது.

"இருக்குதே மச்சான். நமக்குத் தெரியுது, இதுக்குத் தெரியல. கண்ணாடி வாங்கிக் குடுப்போமா?" என்றாய்.

நான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அனுமதிகள், பெரிய எழுத்து சிறிய எழுத்து, பெயர்களில் உள்ள இடைவெளி. ஒன்றை மாற்றுவது, பில்ட் செய்வது, பழையபடி ஆக்குவது. வெளியே மழை விடவில்லை. நீ ரீட்டாவுக்குப் போன் செய்து மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாய். அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"மெசேஜ் வரலியேண்ணே. வந்தா போயிருவோம்ல."

மெசேஜ் வந்தால் மட்டும் வெளியேறுங்கள், வீணாகப் பயப்படாதீர்கள் என்று அவர்களைப் பழக்கியது நாம்தான். மெசேஜ் வராவிட்டால் ஆபத்தில்லை என்று லயமே நம்பியிருந்தது. நீ குடையை எடுத்தாய். மழை குறையட்டும், அதற்குள் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன்.

"நீ ஒன்னு ஒன்னா மாத்திப் பாரு. மண்ணு ஒன்னு ஒன்னா வராது மச்சான்."

பேராதனையில் கலஹா பஸ் ஏறினாய். எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கிவரத் திரும்பிப் போனாய் என்று ரீட்டா பிறகு சொன்னாள். சரிவு அப்போதுதான் இறங்கியது. இருவரையும் ஒரே இடத்தில் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த பின்பு மறுபடி அதே பட்டியலின் முன் உட்கார்ந்தேன். உன் கணினியில் கோப்புறையையும் கோப்பையும் பிரிக்கும் கோடு இடப்பக்கம் சாயும். இதில் வலப்பக்கம் சாயவேண்டும். பொதியை விரித்தபோது இந்தக் கணினிக்கு அது பிரிக்கும் கோடாகவே தெரியவில்லை. கோப்புறை உருவாகவில்லை. கோப்புறைப் பெயர், கோடு, கோப்பின் பெயர் எல்லாம் ஒட்டி ஒரே நீளப் பெயராகிவிட்டிருந்தன. நாம் பார்த்தது அதைத்தான். கோப்புறைகளை உருவாக்கி, கோப்புகளை உள்ளே வைத்து, நிரலிலும் கோடுகளை மாற்றினேன். பில்ட் பிழையின்றி முடிந்தது. சோறு வேகும் நேரம்கூட அதற்கு ஆகவில்லை.

அன்றே இதைக் கண்டுபிடித்திருந்தால் நீ போயிருக்கமாட்டாய் என்று யோசிக்கவேண்டாம் என்கிறார் பாதர். அவர் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

ரீட்டாவின் குடும்பம் இப்போது அதே சரிவின் மறுபக்கத்து லயத்தில் இருக்கிறது. வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. சென்ற வாரம் மழை எல்லையைத் தாண்டியது, மெசேஜ் போனது. போனில் பேசவே கூசுகிற நான் அவளை அழைத்தேன்.

"மெசேஜ் வந்துச்சுண்ணே. ஒவ்வொரு தடவையும் போறோம், திரும்பி இதே எடத்துக்குத்தான் வர்றோம். எங்க போறது, சொல்லுங்க."

"ஸ்கூலுக்குப் போங்க தங்கச்சி" என்றேன். வேறு இடம் எனக்கும் தெரியாது.

அவள் போனை அணைக்காமல் பைக்குள் போட்டுவிட்டாள் போலும். நானும் வைக்கவில்லை. பிள்ளைகளை அதட்டுவது, தகரத்தில் மழை, ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்குவது எல்லாம் கேட்டது. கடைசியில் பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரையில், உட்காருவதற்குக் கதிரைகள் இழுபடும் சத்தம். இப்போது ஒவ்வொரு பெரிய மழைக்கும் அவளை அழைக்கிறேன். பைக்குள் போடச் சொல்கிறேன். அந்தக் கதிரைச் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைக்கிறேன்.