நஸ்ரினாவுக்குக் கட்டிய வீடு

நஸ்ரினா நிதியத்தின் வேலையாக இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வளவுக்குள் நுழைந்ததும் ஈரச் சீமெந்து மணத்தது. பிள்ளைகள் வார்டுக்குப் பக்கத்தில் புதிதாகச் சுவர் எழுப்புகிறார்கள். என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. உன் மகள் நஸ்ரினாவுக்கென்று உன் வளவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மணம் அது. நீ கண்மூடி மௌத்தாகி இத்தனை காலமாகியும், உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை அல்ல, திகைப்புத்தான்.

நம் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுடைய சீதன வீட்டுக்குக் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கல்முனைக்குடியில் உன் வேலிக்கு அந்தப் பக்கம் என் வீடு. நஸ்ரினா அரைகுறைச் சுவர்களுக்குள் ஓடித் திரிவது எனக்குத் தெரியும். "இது என்ட குசினி. செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று, சமையலறைக்கு விட்ட இடத்தில் நின்று மேசனையே அதட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டு கழற்றுவார்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. கூரைகள் பறந்தன, தென்னைகள் தெருவுக்குக் குறுக்கே சரிந்தன, கிணறுகளில் வெள்ளம் கலந்தது. அந்தச் சுவர்கள் மட்டும் அசையவில்லை. "பாத்தியா புள்ள, என்ட மகள்ற வீட்டுக்கு ஒண்டும் ஆகல்ல" என்றாய் என்னிடம்.

அந்தக் கிழமையே நஸ்ரினாவுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. தண்ணீர் கொடுத்தால் இன்னும் கூடும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அப்போது ஊரே அப்படித்தான் நம்பியது. "உம்மா, ஒரு மிடறு தாங்க உம்மா" என்று அவள் கெஞ்சினாள். நீ அவளுடைய உதட்டை ஈரத்துணியால் ஒற்றினாய். விழுந்த மரங்களில் ஏறி இறங்கி உன் கணவர் அவளைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். போய்ச் சேருமுன்பே அவள் போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். நாமிருவரும் போனோம். வெளியூரிலிருந்து வந்த நேர்ஸ் ஒருவர் கதைத்தார். "வயித்தோட்டம் எண்டா தண்ணிய நிப்பாட்டக் கூடாது. உப்பும் சீனியும் கலந்து குடுத்துக்கொண்டே இருக்கணும். உடம்பில தண்ணி வத்திப்போறதாலதான் பிள்ளைகள் சாகுது."

திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ அழவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினாய்.

"புள்ள தண்ணி கேட்டாக் குடுக்கலாமா, மிஸ்?"

"கேக்காட்டியும் குடுக்கணும்."

பல நாள் கழித்து நீ எங்கள் எல்லாரையும் அதிர வைத்தாய். நின்றுபோன வீட்டைக் கட்டி முடித்து வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னாய். அந்த வாடகையில் நஸ்ரினாவின் பெயரால் ஒரு நிதியம். பிள்ளைகளைப் பராமரிக்கும் நேர்ஸ்களாகப் படிக்க அதிலிருந்து பெண்களை அனுப்புவாய். உன் கணவர் சம்மதித்தார். அவருடன் பிறந்த மூத்தவர், காக்காதான் கொதித்தார்.

"கலியாணமாகாத குமருப் புள்ளைகளக் கொழும்புக்கு அனுப்பப் போறியா? வீட்டப் பள்ளிவாசலுக்குக் குடு. நன்மையாவது கிடைக்கும்."

"புள்ளைகள் மௌத்தாகாமப் பாக்கிறதும் நன்மதான் மச்சான்" என்றாய்.

நம் பெண்களை அனுப்ப ஒரு வீட்டாரும் முன்வரவில்லை. முதலில் வந்தவள் பக்கத்துத் தமிழ் இந்து ஊரான காரைதீவிலிருந்து ஒரு பெண். தாயின் பின்னால் நின்றுகொண்டு, "அக்கா, நாங்க சைவம். எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள். உன் பதில் எனக்குச் சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. "என்ட மகள எடுத்த வயித்தோட்டம் ஊரு பாத்து வரல்ல. நீ போய்ப் படி மகள்." அவள் படித்து வந்து வார்டில் நிற்பதைக் கண்ட பிறகுதான் நம் வீடுகளின் கதவுகளும் திறந்தன.

எண்பதுகளின் நடுவில், தமிழர் முஸ்லிம் கலவரத்தால் காரைதீவுக்கும் நமக்குமிடையே தெரு அடிக்கடி மூடிக்கிடந்த காலம். ஒரு நாள் காலை வேலிக்கு மேலால் எனக்கு முருங்கைக்காய் தந்தாய். "மறுகா வாறன், கதைக்கக் கிடக்கு" என்றாய். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு உன் வீட்டில் ஓலம் கேட்டது. நெஞ்சு நோகுது என்று சொல்லி உட்கார்ந்தவள் எழும்பவேயில்லையாம். "இப்பதானே என்னோட கதைச்சா, இப்பதானே" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றேன். என்ன கதைக்கக் கிடந்தது உனக்கு? இன்றுவரை தெரியாது.

தெரு மூடியிருந்ததால் காரைதீவுப் பெண் கடற்கரை மணலால் நடந்தே வந்திருந்தாள், நேர்ஸின் வெள்ளை உடுப்போடு. உள்ளே வரலாமா என்று தெரியாமல் படலையடியில் நின்றாள். வாசலில் உன் கணவரின் காக்கா. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விலகி, "உள்ள போ மகள்" என்றார்.

நிதியம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பயிற்சிக்குப் போக வருகிற ஒவ்வொரு பெண்ணையும் நீ தனியே இருத்தி ஒன்றைத்தான் கேட்பாய். நானும் அதையே கேட்கிறேன். "புள்ள ஒண்டு உன்ட கையில மௌத்தானா, அடுத்த நாள் வேலைக்கு வருவியா?" உடனே ஓம், வருவன் என்று சொல்பவர்களை நீ நம்பமாட்டாய். போன கிழமை மருதமுனையிலிருந்து ஒரு பெண் வந்தாள், நெசவுக்காரக் குடும்பம். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுட்டு வருவன் மாமி" என்றாள்.

அவளைத்தான் அனுப்புகிறேன்.