வாயு மூலையில் ஒரு கம்ப்ரஸர்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பனி, மதியத்துக்குள் மண்டையைப் பிளக்கும் வெயில். காரிமங்கலம் சந்தை நாள். தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே நசுங்கி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

சைட் பார்த்தாயிற்று. நெடுஞ்சாலை ஓரம் முனிரத்தினம் ஐயாவின் பழைய பெட்ரோல் பங்க், பின்னால் காலி இடம். இங்கே குழாய் வரவில்லை. லாரியில் சிலிண்டர் அடுக்காக சி.என்.ஜி. கேஸ் வரும், நம் கம்ப்ரஸர் அழுத்தம் ஏற்றும், வண்டிக்குப் போகும். நான் தனியாக வரைந்த முதல் பிளான்! இத்தனை நாள் அடுத்தவர் வரைந்ததற்கு அளவு போட்டுக்கொண்டிருந்தவள். அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். "கேஸ் பங்கா? பத்தரமா இரும்மா." அவ்வளவுதான் பாராட்டு.

கம்ப்ரஸர் வடமேற்கில். வேறு வழி இல்லை, தென்கிழக்கில் தலைக்கு மேலே ஹை டென்ஷன் மின்கம்பி போகிறது.

பிப்ரவரி 5, புதன்

கெட்ட நாள். ஐயா வாஸ்துக்காரரை அழைத்து வந்துவிட்டார். (இனி வா.கா. முழுசாக எழுதப் பொறுமை இல்லை.) கையில் ஒரு திசைகாட்டி, செல்போனில் இன்னொன்று.

"எரியுற சாமான் எல்லாம் அக்னி மூலைதாங்க. தென்கெழக்கு. வடமேக்குல வச்சா யாவாரம் நிக்காது."

ஐயா தலையாட்டினார். கம்பியைக் காட்டினேன். அதன் பக்கத்தில் வைத்தால் ஆபத்து, லைசென்ஸும் கிடைக்காது என்றேன். டேப் பிடித்து அளந்தே காட்டினேன்.

"கம்பி அது பாட்டுக்கு முப்பது வருசமா போவுது. இன்னிக்கி வரைக்கும் ஒருத்தரையும் கடிக்கலயே" என்றார் ஐயா.

அது போதாதென்று கூரைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் வேண்டுமாம், கல்யாண மண்டபம் மாதிரி. கசியும் கேஸ் மேலே போய் அதற்குள் தங்கிவிடும், திறந்த கூரைதான் வேண்டும் என்று அதற்கு வேறு தொண்டை வற்றப் பேச்சு.

சாயங்காலம் எங்கள் கேஸ் கம்பெனி மேலாளர் போன். வெள்ளிக்குள் ஐயா பிளானில் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த இடமே வேண்டாமாம். கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு இடம், வேறு ஆள் வரைவார்.

வேறு ஆள்! சோறு இறங்கவில்லை.

நாளைக்கு: அளவு படம், விதிமுறை நகல், தலைவலி மாத்திரை.

பிப்ரவரி 6, வியாழன்

படம் காட்டியாயிற்று. விதிமுறை வாசித்தாயிற்று. ஐயா இளநீர் வெட்டிக் கொடுத்தார், உபசாரத்தில் ஒரு குறை இல்லை. "நீ படிச்ச புள்ள, இல்லன்னு சொல்லல. ஆனா எடம் என்துதானம்மா."

பாத்ரூமில் போய் அழுதேன். கோபத்தில்தான். முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச இளநீரைக் குடித்தேன். நல்ல இளநீர்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று ஒன்று விடாமல் எழுதியாக வேண்டும்.

காலையில் டீக்கடை. பக்கத்து பெஞ்சில் இரண்டு லாரி டிரைவர்கள்.

"உருளக்கெழங்கு போண்டா துன்றியா?"

"வேணாண்டா, வாயு. நேத்தே வயித்த உப்பிக்கிச்சு."

எனக்குப் புரையேறியது. வாயு! எரிவாயு! வாஸ்துவில் வடமேற்குக்கு என்ன பெயர்? வாயு மூலை! இத்தனை நாளும் எல்லாரும் கேஸ், கேஸ் என்றே பேசித் தமிழ்ப் பெயர் மறந்தே போயிருக்கிறது. டீக்குக் காசு கொடுக்காமல் ஓடினேன். கடைக்காரர் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்.

நல்ல வேளை, வா.கா. பங்கில்தான் இருந்தார். ஐயாவை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, இந்தச் சரக்குக்குத் தமிழ்ல என்னங்க பேரு?"

"எரிவாயுங்க."

"வாயுவுக்கு எந்த மூலைங்க?"

வா.கா. குனிந்து திசைகாட்டியைப் பார்த்தார். அது வடக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"எரியுதில்லீங்க?"

"எரியுறது வண்டி இஞ்சின்லங்க. இங்க எரிஞ்சா நாம மூணு பேருமே இருக்க மாட்டோம். இங்க வெறும் வாயுதான்."

ஐயா அவரையே பார்த்தார். அவர் விரல் விட்டு என்னவோ கணக்குப் போட்டார். "வாயு... வாயு மூலை... சரியாத்தாங்க வருது. பேஷா வைக்கலாம்." அதோடு விடவில்லை. "மேல அந்தச் சீலிங்கும் வேணாங்க. வாயு போவ வழி வுடணுமில்ல?"

கையெழுத்து விழுந்தது! என் பிளானில், என் பெயருக்குப் பக்கத்தில்.

கம்பியும் டேப்பும் ஏறாத மண்டையில் போண்டா ஏறியதே என்று கொஞ்சம் வெட்கம்தான். இருக்கட்டும். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பேய்க்காற்று. இத்தனை மாதம் ஒரு வரி எழுதவில்லை. சிமெண்ட், சண்டை, மறுபடி சிமெண்ட்.

போன வாரம் குழாய்களில் நைட்ரஜன் அடைத்துக் கசிவுச் சோதனை. இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர். ஒன்று மட்டும் நுரை விட்டது. அழுத்தம் இறக்கி, கழற்றி மாட்டி, மறுபடி பார்த்தோம். கப்சிப்.

இன்று லைசென்ஸுக்கான ஆய்வு. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் அண்ணாந்துதான் பார்த்தார்.

"இந்த லைன் பக்கத்துல எதுவும் வைக்கலயே?"

"இல்லீங்க சார்."

நம்பாமல் டேப் போட்டார். சரி என்றார். "இதுக்கே ரெண்டு எடத்துல திருப்பி அனுப்பியிருக்கேன்."

ஐயா முகத்தில் ஈயாடவில்லை. ஜீப் போனதும் மெல்ல வந்தார்.

"ஏம்மா, கம்பி விசயம் இவ்ளோ பெருசா? அப்பவே சொல்லக் கூடாதா?"

"ரெண்டு நாளும் அதையேதாங்க சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கணும்."

கத்திச் சொல்லவில்லையாம் நான்!

ஆகஸ்ட் 29, வெள்ளி

தூறல். திறப்பு. வாழை மரம், மைக் செட், ஐயாவின் சொந்தம் முழுவதும்.

பூசாரி கற்பூரத் தட்டோடு நேராகக் கம்ப்ரஸரை நோக்கி நடந்தார். எனக்கு உயிரே போயிற்று. நான் வாயைத் திறக்குமுன் ஐயா குறுக்கே பாய்ந்தார்.

"சாமி, நில்லுங்க! ரோட்டோரமா ஏத்துங்க. மேடம் சொல்லாம ஒரு நெருப்புக் குச்சி இந்தக் கேட்டத் தாண்டக் கூடாது."

எனக்குப் போட்ட சால்வையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இந்த வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் வண்டி பாலக்கோட்டு ஷேர் ஆட்டோ. ஆட்களை இறக்கிவிட்டு நாசிலை மாட்டினோம். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. நூறு. நூற்றைம்பது. இருநூறு பார்! ஒரு பிசிறு இல்லை.

"அவ்ளோதானா? சத்தமே வரல" என்றார் டிரைவர்.

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். மறைக்கவும் இல்லை.

சாப்பாட்டுப் பந்தலில் ஐயா ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார், வாயு மூலை தன் யோசனை என்று. பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது வா.கா. ஓரமாகக் கூப்பிட்டார். கையில் திசைகாட்டி இல்லை.

"என் மச்சான் பென்னாகரத்துல எடம் வச்சிருக்கானுங்க. அவனும் கேஸ் பங்க் போடணுங்கறான். வந்து பாக்குறீங்களா?"

"நீங்க பாத்துட்டீங்களா?"

"இல்லீங்க. மொதல்ல நீங்க பாத்து மூலையச் சொல்லிடுங்க. நான் அப்புறம் வந்து ஆமான்னு சொல்லிக்கிறேன்."