அந்த ரொட்டியில் ஒன்றும் இல்லை

இன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் என் மகளின் கால்களை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவில் நாலைந்து சிவந்த கட்டிகள். துணி பட்டதும் "மெதுவாம்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள். இந்தக் கட்டிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சிநேகிதி, உன் கால்களில்.

அப்போது அவற்றை அட்டைக் கடி என்றுதான் நினைத்தோம். மழைக்காலத்தில் இலங்கை மலையில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களில் யாரைத்தான் அட்டை கடிக்கவில்லை? "எனக்கு மட்டும் ஏன்டி இப்புடி வீங்குது?" என்று கேட்டாய். சுண்ணாம்பு தடவிவிட்டேன். நம்மவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நம் இருவருக்கும் பத்தொன்பது வயது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பரா, மலையில் அடுத்தடுத்த தேயிலை நிரை.

அதற்கும் முன்னால் உன் வாயில் புண் வந்தது. பிறகு, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாய். நாலு நாள் வலிக்கும், பத்து நாள் ஒன்றும் இருக்காது. போய்விட்டது என்று நீ சிரிக்கும்போது மறுபடி வரும். பேதி தொடங்கியதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடைப் பக்கம் ஓடுவாய். கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப்பேர் போட்டு அரைநாள் கூலிதான் தருவார் என்பதால் என் கூடையிலிருந்து அள்ளி உன் கூடையில் போட்டு வைப்பேன். திரும்பி வந்து பார்த்துவிட்டு, "நீதானே போட்ட?" என்பாய். "எனக்கென்ன தெரியும், பேய் பறிச்சுப் போட்டிருக்கும்" என்பேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு வயிற்றைச் சுத்தம் செய்ய என்று பேதி உப்பு கொடுத்தார்கள். அதைக் குடித்த அன்று நீ பட்ட பாட்டை எழுத என்னால் முடியவில்லை. உன் ரவிக்கையை நான்தான் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். மூன்றாம் முறை பிடிக்கத் துணி இருந்தது, உன் உடம்பில்தான் ஒன்றும் இல்லை.

உன் அம்மா குறி கேட்கப் போனார்கள். கூடவே இருக்கிற கை கொடுத்த தீனியில் இடுமருந்து இருக்கிறது என்று குறிகாரன் சொல்லிவிட்டான். மத்தியானத்துக்குத் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வருகிறவள் நான், ஆளுக்குப் பாதியாகப் பிட்டுத் தின்போம் என்பது லயத்துக்கே தெரியும்.

"எம்புள்ளைக்கு என்னத்தடி குடுத்த? சொல்லிருடி, ஒங்கால்ல விழுறேன்." உன் அம்மா உண்மையாகவே விழுந்தார்கள்.

"அத்தே, நானும் அதத்தானே தின்னேன்!"

"அப்ப நீ மட்டும் எப்புடிடி நல்லா இருக்க?"

நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றிலிருந்து உன் அம்மா உன் காம்பராவுக்குள் என்னை விடவில்லை. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நீ முனகுவது மட்டும் கேட்கும்.

வயிறு ஊதி, பலகை மாதிரி இறுகி, பச்சைப் பச்சையாய் நீ வாந்தி எடுத்த காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வந்தது. சாக்கு விரித்து உன்னைக் கிடத்தினார்கள். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஏறினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நெசமாச் சொல்லு புள்ள. எனக்குக் கோவமில்ல. அந்த ரொட்டியில ஏதாச்சும் கெடந்துச்சா?"

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உனக்கு வலி தொடங்கிய மாதம் கிடைத்த மாவில் வண்டு விழுந்திருந்தது. சலித்துத்தான் சுட்டேன். சரியாகச் சலித்தேனா என்று அந்த நேரம் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தெரியலடி" என்றேன்.

உன் கை தளர்ந்தது. என்னை இறக்கிவிட்டு லொறி போய்விட்டது. மூன்றாம் நாள் உன் அம்மா உன் சேலையை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். குடல் அடைத்து வெடித்துவிட்டதாம்.

என் மகளின் நோய்க்குக் குரோன் என்று பெயர் சொன்னார் டாக்டர். கிருமியை எதிர்க்க உடம்பில் இருக்கிற சக்தி, நிறுத்தத் தெரியாமல் சொந்தக் குடலையே தாக்குகிறதாம். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில், வலது அடிவயிற்றில்தான் அநேகமாகத் தொடங்குமாம். புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு ஏறி வழி சுருங்கிவிடுமாம். வாய்ப்புண், மூட்டுவலி, காலில் கட்டி எல்லாம் அதே நோய்தானாம்.

"வண்டு விழுந்த மாவுல தொடங்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு ரொட்டியால இது வராதும்மா. பிறப்புல இருக்கிற தன்மை, குடல்ல வாழுற கிருமி, இன்னும் என்னென்னவோ சேர்ந்து வருது. முழுசா எதனாலன்னு யாருக்கும் தெரியாது."

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. இதுவா இருந்திருக்கலாம்" என்றார்.

என் மகளுக்கு மருந்து இருக்கிறது. அடியோடு தீராது, அடக்கி வைக்கலாம் என்கிறார்கள். உனக்கு அதுவும் இல்லை. உனக்கு இருந்தது நான் கொடுத்த ஒரு வார்த்தை, அதுவும் தப்பான வார்த்தை. ரொட்டியில் ஒன்றும் இல்லையடி. இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?

இத்தனை வருஷமாக யாருக்கு என்ன கொடுத்தாலும், அவர்கள் பார்க்க முதல் வாயை நான் தின்றுவிட்டுத்தான் கொடுக்கிறேன். "அம்மாயிக்குப் பேராசை" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்று மத்தியானம் மகளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனாலும் முதல் கரண்டி என் வாய்க்குத்தான் போனது.