சுமைதாங்கியின் உயரம்

12-10-1987, திங்கள்

இன்றுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் மாதிரி நடந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் நடத்திய சாலை மறியல் முடிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. வெட்டிப் போட்ட புளியமரங்கள் இன்னும் ஓரத்தில் கிடந்து காய்கின்றன.

வரலாறு எடுக்கும் பிச்சைமுத்து சார், உள்ளூரில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைப் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். பத்தாம் வகுப்புப் பையன்கள் எல்லோரும் செஞ்சிக்கோட்டை என்றார்கள். செஞ்சிக்கோட்டை என்றைக்கு எங்கள் ஊருக்கு வந்தது? நான் சுமைதாங்கி என்றேன். அதுதான் இப்போது இல்லையே என்றார் சார். “வுழுந்துதான் சார் கெடக்குது, எங்கியும் போவல” என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் செவ்வந்தி இன்றும் வரவில்லை.

15-10-1987

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சங்கராபுரம் சாலையில் அந்தக் கல் நின்றது. இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் நின்றபடியே சுமையை அதில் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். மறியல் அன்று அதைப் பெயர்த்துச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். போட்டவர் வேறு யாருமில்லை, பெரியப்பா மகன் சின்னதுரை அண்ணன்தான். அப்புறம் போலீஸ் டிராக்டர் வைத்து இழுத்துப் பள்ளத்தில் தள்ளியது.

எந்த ராஜா காலத்துக் கல் என்று ஊரில் பெரிய மனிதர்களிடம் கேட்டேன். ஒருவர் சோழன் என்றார், ஒருவர் வெள்ளைக்காரன் என்றார். என் வகுப்பு ஃபரீனின் அத்தா கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே திப்பு சுல்தான் என்றார். ஆளுக்கொரு ராஜா.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: “ராஜாவும் இல்ல மந்திரியும் இல்லடி. புள்ளத்தாச்சியா செத்துப்போனாளே எவளோ, அவளுக்கு வெச்ச கல்லு அது.” அவளால் இறக்க முடியாமல் போன சுமை, மற்றவர்களாவது இறக்கி வைத்துப் போகட்டும் என்று வைப்பார்களாம். அவள் பேர் அம்மாவுக்கும் தெரியவில்லை.

அம்மாவை முதலிலேயே கேட்டிருக்கலாம். ஏன் தோன்றவில்லை எனக்கு?

19-10-1987, திங்கள்

ஃபரீனைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். செவ்வந்தி வீட்டில் இல்லை. திரும்பும்போது சாலையிலேயே பார்த்தோம். அவள் அம்மா குப்பம்மாள் தலையில் விறகுக்கட்டு. மலையடிவாரத்தில் பொறுக்கி, சங்கராபுரம் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். செவ்வந்தி கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாள். சும்மாதானே வருகிறாய், பள்ளிக்கூடம் வந்தால் என்ன என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “எங்கம்மாவுக்குக் கழுத்து வலி, மணி. அவ்ளோ தூரம் ஒரே மூச்சுல போவ முடியாது. கீழ எறக்கினா திருப்பித் தூக்கிவுட ஆள் வேணும். கல்லு இருந்துச்சு, தனியா போய்க்கினு வந்துக்கினு இருந்தாங்க. இப்ப நான்தான் கல்லு” என்றாள்.

காலனியிலிருந்து வருகிற சுமைக்கு எங்கள் தெருவில் யாரும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.



20-10-1987

சின்னதுரை அண்ணனிடம் நேராகவே போய்க் கேட்டேன். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதானே ரோட்டில் உட்கார்ந்தோம், ஒரு கல்லுக்காக இத்தனை பேச்சா என்றார். அந்தக் கல் விழுந்ததால் ஒருத்தியின் படிப்பு போகிறது என்றேன். “போய் உன் வேலையப் பாரு” என்றார்.

இதுதான் என் வேலை.

பிச்சைமுத்து சார் சொன்னது இன்னும் மோசம். ஜனவரிக்குள் செவ்வந்தி வராவிட்டால் பொதுத்தேர்வுக்கு அவள் பெயர் போகாதாம். கல்லை நட வேண்டும் என்றேன். இது ஊர் விவகாரம், வேறு பொருளைப் பற்றி எழுதிக்கொடு என்றார். நல்ல மனிதர், ஆனால் பயம்.

2-11-1987

குடிமையியல் புத்தகத்தில் மனு எழுதுவது எப்படி என்று ஒரு பாடம் இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும்தானா அது? எழுதினேன். வகுப்பில் கையெழுத்து கேட்டேன். பையன்கள் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். ஃபரீன் ஒவ்வொருத்தனிடமும் போய், உங்கள் அம்மா தலையில் புல்லுக்கட்டு வருகிறதா இல்லை பறந்து வருகிறதா என்று கேட்டாள். போட்டுவிட்டார்கள்.

9-11-1987

சங்கராபுரத்தில் சாலைத்துறை அலுவலகம். பெரியவர்களை அழைத்து வரச் சொன்னார் குமாஸ்தா. பெரியவர்கள்தான் ஐயா கல்லைத் தள்ளினார்கள் என்றேன். என்னையும் ஃபரீனையும் வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

10-11-1987

மறுபடி போய் உட்கார்ந்தோம்.

16-11-1987

மறுபடி. இன்று அதிகாரியே வெளியில் வந்து மனுவை வாங்கிப் படித்தார். சாலையை விட்டுத் தள்ளி நட்டால் ஆட்சேபம் இல்லை, ஆனால் ஆளும் செலவும் ஊருடையது என்று எழுதிக் கொடுத்தார். பொங்கல் கழிந்ததும் பள்ளத்துக் கற்களை உடைத்து மதகு வேலைக்குப் போட்டுவிடுவார்களாம், அதற்குள் முடிக்க வேண்டும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மியை விடப் பெரிசு. தூக்கப் பத்து ஆளாவது வேண்டும். பத்து ஆள் என்றால் அண்ணன் சொன்னால்தான் வரும்.

6-12-1987

ராதிகா அண்ணிக்கு ஆறு மாதம். இன்று அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, அது யாருக்காக வைத்த கல் என்பதைச் சொன்னேன். வேண்டுமென்றேதான் அண்ணி முன்னால் சொன்னேன். பெரியப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். அண்ணன் முகம் செத்துவிட்டது; பொங்கலுக்குள் நட்டுவிடலாம் என்றார்.

பயத்தில் செய்வது நியாயத்தில் செய்வது ஆகுமா? ஆகாது. ஆனால் கல் நின்றால் சரி. எனக்கு வெட்கம் இல்லை.

24-12-1987, வியாழன்

முதலமைச்சர் காலமானார். கடை இல்லை, பஸ் இல்லை. அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள்.

10-1-1988, ஞாயிறு

நட்டாயிற்று! அண்ணன், அவர் கூட்டாளிகள், செவ்வந்தியின் மாமன் வீட்டுப் பையன்கள். முதலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கல்லின் கனம் தெரிந்ததும் பக்கம் மறந்துபோயிற்று. “ஒசரமா நிக்கட்டும், ஊருக்கே தெரியட்டும்” என்றார் அண்ணன். மஞ்சள் பூசி மாலை போட்டார். பிச்சைமுத்து சார் கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

12-1-1988

செவ்வந்தி வரவில்லை.

13-1-1988

இன்றும் வரவில்லை. காலையில் போய்ச் சாலையில் நின்றேன். குப்பம்மாள் வந்தார், பக்கத்தில் செவ்வந்தி. கல்லுக்குக் கிட்டே வந்து, கண்ணை மட்டும் உயர்த்தி ஒரு தரம் பார்த்துவிட்டு, தாண்டிப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. அம்மா என்று கூப்பிட்டேன். நின்றார்.

“எட்டலியே பாப்பா” என்றார்.

ஐயோ. அண்ணன் உயரத்துக்கு நட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் சுற்றி நின்றோம்! நானும்தான் நின்று கை தட்டினேன். மலையடிவாரத்திலிருந்து வருகிற ஒருத்தியைக் கூட யாரும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்காமல் ராஜா பேரைக் கேட்டு அலைந்த அதே தப்பு.

17-1-1988, ஞாயிறு

மறுபடி பிடுங்க வேண்டும் என்றதும் அண்ணன் கத்தினார். மாலை போட்ட கல்லாம், கை வைக்கக் கூடாதாம். நான் வாயைத் திறப்பதற்குள் ராதிகா அண்ணி வாசலுக்கு வந்தாள். புகுந்த வீட்டில் சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை.

“இந்த ஊர்ல எந்த ஆம்பள தலையில சுமை வெச்சுக்கினு போறான்? இன்னாத்துக்கு உங்க ஒசரத்துக்கு வெச்சீங்க?”

 அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட்டாளிகளைக் கூப்பிட்டார், காலனிப் பையன்களைக் கூப்பிட என்னை அனுப்பினார்.

குப்பம்மாள் அம்மா தலையில் வெறும் சும்மாட்டுத் துணியோடு வந்து கல் பக்கத்தில் நின்றார். அண்ணன் குழியை ஆழப்படுத்தித் தூணை இறக்கினார். போதுமா என்று கேட்டார், முகத்தைப் பார்க்காமல்.

“இன்னும் நாலு வெரல் எறக்கு தம்பி.”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். தம்பி என்ற சொல் அவர் காதில் விழாமல் இருக்காது. குனிந்து மறுபடி தோண்டினார்.

18-1-1988, திங்கள்

விடிந்ததும் போனேன். குப்பம்மாள் அம்மா விறகுக்கட்டோடு வந்தார். கல்லருகே திரும்பி நின்று, தலையைச் சற்றுச் சாய்த்துக் கட்டைத் தள்ளினார். அது கல்மேல் உட்கார்ந்தது. சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். மறுபடி தலை கொடுத்து, கட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பிச்சைமுத்து சார் வருகைப் பதிவு எடுத்தார். மூன்று மாதமாக ஒரு பேர் வந்ததும் நிமிராமலே அடுத்த பேருக்குப் போய்க்கொண்டிருந்தவர், இன்று அந்தப் பேரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“உள்ளேன் ஐயா.”